குசினியில் குடியேறிய சுத்தியல்

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆணுக்குச் சொந்த வீடு என்று ஒன்று கிடையாது. வீடு பெண்ணுக்கு. தாய் மகளுக்குக் கட்டிக் கொடுப்பாள், அந்த மகள் தன் மகளுக்குக் கட்டிக் கொடுப்பாள், நடுவில் நாங்கள் ஒரு பெட்டியோடு வந்து, ஒரு கதிரையைப் பிடித்து, அதிலேயே கிழடாகிப் போவோம். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இப்படி வந்து சேர்ந்த ஆணுக்குத் தச்சு வேலையில் ஆசை பிறந்தால் அவனை எங்கே வைப்பது என்று எங்கள் முன்னோர் யோசித்து வைக்கவில்லை. எனக்கு அந்த ஆசை பிறந்தது.

நான் தச்சன் இல்லை. அரச அலுவலகம் ஒன்றில் கோப்புத் தள்ளுகிறவன். கைபேசியில் ஒரு வெள்ளைக்காரன் பலகை சீவுகிற காட்சியை ஒருநாள் தெரியாமல் பார்த்துவிட்டேன். (தெரியாமல்தான். காய்ச்சலுக்கு என்ன கசாயம் என்று தேடப் போனேன்.) பிறகு சம்பளத்துக்குச் சம்பளம் மரம் அறுக்கிற வாள் ஒன்று, ஒரு சீவுளி, உளி, குறடு, சுத்தியல் என்று சேரத் தொடங்கியது. செய்து முடித்த சாமான் என்று பார்த்தால் ஒரு முக்காலியும், மாமிக்கு ஒரு திருவலையும்தான். மாமி என்றால் என் மனைவி சுகந்தியின் தாய், நாவற்குடாவில் நான் குடியிருக்கிற வளவின் அரசி. அந்தத் திருவலையில் தேங்காய் துருவும்போது திருவலையும் சேர்ந்து நடக்கும். மாமி குசினியின் ஒரு மூலையில் துருவத் தொடங்கினால் மறு மூலையில் போய் முடிப்பார்.

சுகந்திக்கு விஜி என்று ஒரு தங்கை. அவளுக்காக மாமி அதே வளவில் இன்னொரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். சீமெந்து விலை ஏறிய காலத்தில் வேலை நின்றுபோனது. கூரை போட்டு, கதவு வைத்து, வெள்ளையடித்து முடிந்த ஒரே இடம் அந்த வீட்டுக் குசினி. அடுப்பு வைக்கக் கட்டிய நீளமான சீமெந்துத் தட்டு சரியாக என் இடுப்பளவில் இருந்தது. பலகை அறுக்க அதைவிட வசதியான இடம் உலகத்தில் இல்லை. ஒரு கிழமைக்குச் சாமான்களை வைக்கட்டுமா என்று விஜியிடம் கேட்டேன். நல்ல பிள்ளை, வையுங்க அத்தான் என்றாள். ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதை என்று சொல்வார்கள். மட்டக்களப்பில் ஒட்டகம் இல்லை, அந்தக் குறையை நான் தீர்த்து வைத்தேன்.

கட்டட வேலை திரும்பத் தொடங்கி மற்ற அறைகள் எல்லாம் எழும்பின. நான் மட்டும் எழும்பவில்லை. குசினிக்குள் கணுக்கால் அளவுக்கு மரத்தூள். வாவிக் காற்றின் உப்பில் ஆணிகள் எல்லாம் கறள் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒரு ஆணி அடிக்க அரைநாள் சுத்தியல் தேடுவேன். சுத்தியல் கிடைக்கும்போது ஆணி காணாமல் போயிருக்கும். இதற்கெல்லாம் காரணம் வீட்டுப் பெண்கள் என் சாமான்களைக் கேளாமல் எடுப்பதுதான் என்று சுகந்தியிடம் அடிக்கடி சொல்வேன். (அவர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. காலில் ஆணி ஏறும் என்ற பயம்.)

இந்த நேரத்தில்தான் விஜியின் கதை வெளியே வந்தது. செங்கலடியில் அவள் வேலை செய்யும் அலுவலகத்தில் கஜன் என்று ஒரு பையன், ஊர் களுதாவளை. இரண்டு பேருக்கும் மனம் ஒத்துப்போயிருந்தது. முறைப்படி மாமி போய்க் கேட்டார். கஜனின் தாய் மறுக்கவில்லை, ஆனால் வீட்டை ஒருக்கா வந்து பார்க்க வேண்டும் என்றார். அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய மூத்த மகன் கல்யாணம் முடித்த இடத்தில், பெண்ணுக்கென்று சொன்ன வீட்டில் பாதியை அந்த வீட்டு மூத்த மருமகன் பிடித்து வைத்துக்கொண்டு இன்றுவரை விடவில்லையாம். அதனால் அந்த அம்மாவுக்கு மூத்த மருமகன் என்ற சொல்லே ஆகாது. இந்தக் கதை முழுவதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே செய்தேன் என்பதுதான் இதில் விசேஷம்.

அவர்கள் வீடு பார்க்க வர நாள் குறித்த அன்று பின்னேரம் விஜி குசினி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"இது சரிவராட்டி நான் இன்னொண்டுக்குச் சம்மதிக்க மாட்டன், அத்தான்," என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். நான் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய மனிதன் மாதிரிச் சொன்னேன். மாமனார் இல்லாத வீடு. வருகிறவர்களை வரவேற்று வீட்டைச் சுற்றிக் காட்டுகிற பொறுப்பு மூத்த மருமகனாகிய எனக்குத்தான்.

மாமியின் கட்டளை சுருக்கமானது. குசினியில் கிடக்கிற அத்தனையையும் சாக்கில் அள்ளி மாட்டுக் கொட்டிலுக்குள் போட வேண்டும், வந்தவர்கள் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். என் உளியை மாட்டுச் சாணத்துக்குப் பக்கத்தில் வைப்பதா? எனக்கு ரோசம் வந்துவிட்டது. அதோடு, பட்டறையை ஒழுங்காக வைப்பது எப்படி என்று அதே வெள்ளைக்காரன் சொல்வதை முதல்நாள்தான் பார்த்திருந்தேன்.

"எடுக்கத் தேவையில்ல மாமி. அடுக்கினாப் போதும்," என்றேன்.

லீவு போட்டு அடுக்கினேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு உழைத்ததில்லை. மரத்தூளை எல்லாம் கூட்டி அள்ளினேன். ஆணிகளைக் கறள் போக உரசி, அளவு வாரியாக ஜாம் போத்தல்களில் போட்டு வரிசையாக வைத்தேன். அகப்பை தொங்க வேண்டிய சுவரில் வாள் தொங்கியது. அம்மிக்கு விட்ட இடத்தில் கட்டை இறுக்குகிற இரும்பைப் பூட்டினேன். இதெல்லாம் பெரிதில்லை. ஒவ்வொரு சாமானையும் சுவரோடு பிடித்து, அதன் உருவத்தைச் சுற்றிக் கறுப்புப் பெயின்ட்டால் கோடு கீறினேன். சுத்தியலை எடுத்தால் சுவரில் ஒரு கறுப்புச் சுத்தியல் தெரியும், ஆகவே அது திரும்ப அங்கேதான் வர வேண்டும். கடைசியாக, 'கேளாமல் உள்ளே வர வேண்டாம்' என்று ஒரு பலகையில் எழுதிக் கதவில் அடித்தேன்.

சுகந்தி வந்து கனநேரம் பார்த்தாள். வடிவாகத்தான் இருக்கிறது, ஆனால் அடுப்பு எங்கே வைப்பது என்று கேட்டாள். கலையுணர்வு இல்லாதவர்கள் கேட்கிற கேள்வி என்று அதை நான் பொருட்படுத்தவில்லை.

ஞாயிறு காலையில் வந்தார்கள். கஜனின் தாயும், தாயின் அண்ணனும். அந்த மாமா அதிகம் கதைக்காத மனிதர். போகிற இடமெல்லாம் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார். காணி உறுதி யாருடைய பேரில் என்று கேட்டார், விஜியின் பேரில்தான் என்று மாமி சொல்ல, தலையை ஆட்டினார். அந்த அம்மாவின் முகமும் அறைக்கு அறை இளகிக்கொண்டே வந்தது. எங்கள் வீட்டு ஜன்னல் சீலைக்குப் பின்னால் விஜி நிற்பது எனக்குத் தெரிந்தது. மாமி அவர்களைத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். பலகாரத்துக்கு அரியதரம் சுட்டு வைத்திருந்தது. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். நுணலும் தன் வாயால் கெடும்.

"குசினியையும் ஒருக்காப் பார்த்திட்டுப் போங்க," என்றேன்.

மாமி இருமினார். (பாவம், மாமிக்குத் தொண்டை சரியில்லை என்று நினைத்தேன்.) சேர்ட் பையிலிருந்து குசினிப் பூட்டின் திறப்பை எடுத்தேன். என் சேர்ட் பையிலிருந்து. அந்த அம்மா திறப்பைப் பார்த்தார், கதவில் இருந்த பலகையை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே வார்னிஷ் மணந்தது. நான் சுவருக்கு முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு குறடு எடுத்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே திரும்ப மாட்டியும் காட்டினேன். மாமா இந்தச் சுவரை மட்டும் தட்டிப் பார்க்கவில்லை. இன்னும் விளக்கம் வேண்டும்போல என்று நினைத்து, என் வாழ்க்கையின் மிகப் பெரிய மடத்தனத்தைத் திருவாய் மலர்ந்தேன்.

"எல்லாத்துக்கும் நிரந்தரமா இடம் குடுத்திட்டன். இனி இதுகள் இந்த இடத்தை விட்டு ஒண்டும் அசையாது."

அந்த அம்மா தன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மிக அமைதியாகக் கேட்டார்.

"மனே, அப்ப என்ட மருமகள் எங்க வச்சிச் சமைக்கிற?"

இப்போது யோசித்தாலும் உடம்பு கூசுகிறது. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னேன்.

"அது பிரச்சினை இல்லயே. இந்த மூலையில ஒரு அடுப்புக்கு இடம் ஒதுக்கித் தரலாம். அதுக்கும் ஒரு கோடு கீறி விடுறன்."

அவர்கள் தேத்தண்ணி குடிக்கவில்லை. அரியதரத்தைத் தொடவும் இல்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று போய் ஓட்டோவில் ஏறிவிட்டார்கள். வீடு இவ்வளவு ஒழுங்காக இருந்தும் இவர்களுக்கு என்ன குறை என்று நான் உண்மையாகவே குழம்பிப்போய் நின்றேன். மாமிதான் விளங்கப்படுத்தினார். கோபமில்லை, களைத்த குரல்.

"மருமகன், அது குப்பையாக் கிடந்திருந்தா மேசன்மார்ட சாமான் எண்டு நினைச்சிட்டுப் போயிருப்பாங்க. நீங்க கழுவி, அடுக்கி, கோடும் கீறி வச்சதாலதான் அதுக்குள்ள ஒரு ஆள் குடியிருக்கு எண்டு தெரிஞ்சிற்று."

விஜி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பகல் சாப்பாட்டுக்கும் வராமல் அறைக்குள்ளேயே கிடந்தாள். ஒரு பிள்ளையின் வாழ்க்கையை ஒரு சுத்தியலுக்காகக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றினேன். பலகையைப் பிடுங்கினேன். சுவருக்கு வெள்ளையடித்தேன், காய்ந்ததும் கறுப்புக் கோடுகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தன. திரும்ப அடித்தேன், திரும்பவும் பார்த்தன. சாமான்களை மாட்டுக் கொட்டிலில் வைக்க அப்போதும் மனம் வரவில்லை. எங்கள் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

நாலைந்து நாளாகக் களுதாவளையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கஜன் தாயோடு சண்டை பிடிக்கிறான் என்று மட்டும் விஜி சுகந்தியிடம் சொன்னாள். சண்டையில் வருகிற கல்யாணம் எனக்கு வேண்டாம் என்றும் சொன்னாளாம். அதைக் கேட்ட அடுத்த நாள் நான் சுகந்தியை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் களுதாவளைக்குப் போனேன். வழியில் பிள்ளையார் கோயிலில் இறங்கி ஒரு தேங்காய் உடைத்தேன். எனக்குப் புத்தியைக் கொடு என்று கேட்கவில்லை, காலம் கடந்துவிட்டது. இன்று ஒருநாள் மட்டும் வாயைக் கட்டு என்று கேட்டேன்.

அந்த அம்மா முற்றத்தில் கதிரை போட்டுத் தந்தார். மாமாவும் இருந்தார். நான் எழும்பி நின்று, ஒரு கூட்டத்தில் பேசுகிறவன் மாதிரி, அந்தக் குசினியில் ஒரு ஆணிக்கும் எனக்கு உரித்து இல்லை, அது விஜியின் வீடு, நான் புத்தி கெட்ட விசரன் என்று சொல்லி முடித்தேன். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். சாமான்களை எல்லாம் எடுத்தாயிற்றா என்று கேட்டார். ஓம் என்றேன். எடுத்து எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். நான் சுகந்தியைப் பார்த்தேன். சுகந்திக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"எங்கட கட்டிலுக்குக் கீழதான் மாமா. நான் இப்ப வாளுக்கு மேல படுத்துக் கிடக்கிறன்."

கஜனின் தாய் சிரித்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தவும் முடியாமல், கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். வாளுக்கு மேல் படுக்கிற பெண் பொய் சொல்ல வந்திருக்க மாட்டாள் என்று அண்ணனிடம் சொன்னார். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

அந்த மாமா அன்றிலிருந்து ஒரு வேலை வைத்திருக்கிறார். விஜி வீட்டுக்கு எப்போது வந்தாலும், தண்ணி குடிக்கப் போகுமுன் நடு வளவில் நின்று, "தம்பி, குசினிக்குள்ள போகலாமா?" என்று என் வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டுக் கேட்பார். நான் அனுமதி கொடுக்கும்வரை போக மாட்டார். சுவரில் கோடுகள் இன்னும் தெரிகின்றன. விஜி கறிச்சட்டி பிடிக்கிற துணியை உளி இருந்த கோட்டுக்குள்தான் தொங்கவிடுகிறாள்.

போன மாதம் விஜியின் மகளைப் பாலர் பாடசாலையில் தன் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார்களாம். பிள்ளை எழும்பி நின்று, "வளவு அம்மம்மாட, வீடு அம்மாட, குசினி பெரியப்பாட," என்றாளாம். அப்போ அப்பா என்று டீச்சர் கேட்டிருக்கிறார். "அப்பா வந்து நிக்கிறவர்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாளாம்.

அன்று பின்னேரம் கஜன் என்னிடம் வந்தான். கனநேரம் சுற்றி வளைத்துக் கதைத்துவிட்டு, குசினியில் பாதியைத் தன் பேருக்கு எழுதித் தர முடியுமா என்று கேட்டான்.