ஆடும் கைப்பிடியின் அழகு

மலேசியக் கலை வரலாறு எங்கள் தம்போய் வட்டார அடுக்குமாடியின் படிக்கட்டில்தான் திசை திரும்பியது. போன வருட மழைக்காலம் என்று நினைக்கிறேன்; என் நினைவை நான் முழுதாக நம்புவதில்லை. அன்று நாங்கள் காத்த மௌனம் மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

மூன்றாவது மாடி யோகேஸ்வரியின் கணவர் அய்யாவு இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து வந்திருந்தார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நாற்காலியில் உட்காரவைத்து மேலே தூக்கிப்போனார்கள். தானாக இறங்கலாம் என்றால், படிக்கட்டுக் கைப்பிடி ஸ்குரு கழன்று ஆடியது. யோகேஸ்வரி எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்சாப் குழுவில் புகைப்படம் போட்டார். 'காலை வணக்கம்' ரோஜாக்களுக்கு நடுவே அது காணாமல் போயிற்று. ஆகவே கைப்பிடியைப் பென்சிலால் பெரிதாக வரைந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்.

செயலாளர் என்ற முறையில் நான்தான் முதலில் பார்த்தேன். தலைவர் மதிவாணனை அழைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "அலமாக்!" என்று வியந்தார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. மௌனத்தை மதிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள்.

அவசரக் கூட்டம் கூடியது. தலைப்பு: 'அன்றாடப் பொருள்களில் அகதரிசனம்'.

"இந்த ஸ்குருவப் பாருங்க," என்றார் மதிவாணன். "கழண்டு நிக்குது, ஆனா விழல. மனுஷ வாழ்க்கை லா இது!"

பொருளாளர் பிரேமலா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் கறுப்புல எவ்ளோ சோகம் தெரியுது!"

"சோகம் இல்லீங்க மேடம், அது துரு," என்றார் யோகேஸ்வரி. தொழிற்சாலைச் சீருடையோடு வந்திருந்தார். "எப்ப சரி பண்ணுவீங்க?"

கூட்டம் கைதட்டியது. கலைஞருக்கே உரிய தன்னடக்கம்!

"அவரு வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கறாரு அண்ணே. கீழ எறங்கி ஒரு தே தாரிக் குடிக்கணும்னு தெனமும் கேக்கறாரு. நானே ஆளக் கூட்டிட்டு வந்து முடுக்கிடவா?"

"தொட்டுடாதீங்க!" மதிவாணன் எழுந்தே விட்டார். "முடுக்கிட்டா உங்க படம் பொய்யாயிடும்மா."

கைப்பிடியை யாரும் தொடக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. யோகேஸ்வரியை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. கலைஞர்களுக்கு வாக்குரிமை கிடையாது. 'பாதுகாக்கப்பட்ட கலைப்பொருள்' என்ற அட்டையை நானே கைப்பிடியில் கட்டினேன்.

சில நாள் கழித்து இன்னொரு படம் வந்தது. மூடிய கதவு. அதன்மேல் சாய்த்துவைத்த ஊன்றுகோல்.

"வளந்துட்டாங்க லா!" என்றார் மதிவாணன். "ஆளையே வரையாம ஆளக் காட்டிட்டாங்க!"

"ஆளு மேலதான் இருக்காரு அண்ணே. போய்ப் பாருங்களேன்."

நாங்கள் போகவில்லை. படைப்பையும் படைப்பாளியின் வீட்டையும் குழப்பிக்கொள்வது ரசிகனுக்கு அழகல்ல.

இரண்டு படங்களுக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டுப் படிக்கட்டுச் சுவரில் மாட்டினோம். விழுந்துவிடக் கூடாதே என்று மதிவாணன் துளைபோடும் மெஷினோடு வந்து, புத்தம்புது ஸ்குருக்களைத் தன் கையாலேயே முடுக்கினார். வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

மதிவாணன் இப்போது பக்கத்து ஊரான கூலாய் வரை ஓவியப் போட்டிகளுக்கு நடுவராகப் போய்வருகிறார். பிரேமலா துருவைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார். யோகேஸ்வரி வரைவதை விட்டுவிட்டார். படங்கள் கொஞ்சமும் ஆடுவதில்லை. அய்யாவு மூன்றாவது மாடியில்தான் இருக்கிறார்.