கைபுடி டாக்டரின் நாலு ஷாக்கு

பழவேற்காட்டில் கைபுடி டாக்டரிடம் கை கொடுக்காமல் தப்பித்தவர் ஒருவர்கூட கிடையாது. அந்த அம்மாவுக்கு வணக்கம் சொன்னால் பதிலுக்கு நாடி பிடிப்பார். நகத்தை அழுத்தி, விட்டதும் சிவப்பு திரும்புகிறதா என்று பார்ப்பார். ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு முன்னால் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தவர் அவர்தான். "சில்லுன்னு இருக்கே, காலைல சாப்ட்டியா?" என்று மேடையிலேயே விசாரணை வேறு.

நான் அவருடைய ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நடந்துகொண்டே வைத்தியம், நடந்துகொண்டே டீ. 'ஷாக்' என்று யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது.

"தங்கச்சி ஓடிப்போன சேதி கேட்டு எங்க நைனாவுக்கு ஷாக்கு ஆயிடுச்சும்மா" என்று ஒருவர் வந்தார்.

"அது மனசுக்கு. நான் சொல்றது ரத்த ஓட்டத்துக்கு. மாடிக்குத் தண்ணி ஏறலன்னா இன்னா காரணம்? தொட்டி காலி. இல்ல, மோட்டார் ரிப்பேர். இல்ல, பைப்புல அடைப்பு. இல்ல, பைப்பே தொளதொளன்னு அகண்டு போச்சு. உடம்புலயும் இந்த நாலுதான்."

"நைனாவுக்கு எதும்மா?"

"வெளிய பஜ்ஜி தின்னுட்டிருக்காரே, அவரா? ஒண்ணுமில்ல, போ!"

லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் வீடு. ஒரு மத்தியானம் வீட்டுக்கு எதிரே நிறுத்தியிருந்த படகின் தார்ப்பாயை இழுத்த என் தம்பியைக் குளவிகள் கொட்டிவிட்டன. வாசலுக்கு வந்தவன் அப்படியே சுருண்டு விழுந்தான். போன் போட்டேன். யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு டாக்டர் வந்து குதித்தார்.

அதற்குள் நாலு பேர் அவனைத் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தார்கள். "பயந்துட்டான், சோடா குடு!" என்றார் ஒருவர்.

"தூக்காதீங்க! படுக்க வெச்சு காலை மட்டும் ஒசத்துங்க!" டாக்டர் கையைப் பிடித்தார். "நாடி சரியாவே கிடைக்கல. ஆனா கை சுடுது, உடம்பெல்லாம் தடிப்பு. ரத்தம் போயிருந்தா சில்லுன்னு இருக்கும். இது பைப்பு அகண்ட கேஸு. குளவி விஷம் ஒத்துக்கல."

சொல்லிக்கொண்டே தொடையில் ஊசியைக் குத்திவிட்டார். பிறகு படகைச் சுற்றுவார், வந்து நாடி பார்ப்பார், மறுபடி சுற்றுவார். என் அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "ஒரு எடத்துல நில்லும்மா, எனக்கு மயக்கம் வருது!" என்று கத்தினார்.

தம்பி மெதுவாகக் கண்ணைத் திறந்தான். "இன்னாத்துக்கு எல்லாரும் என் காலைப் புடிச்சிட்டிருக்கீங்க?"

ஆம்புலன்ஸ் வந்தது. விஷம் மறுபடியும் வேலையைக் காட்டலாம் என்று சொல்லி டாக்டரும் அவனோடு பொன்னேரி வரை ஏறிப் போனார், வெறுங்காலோடு. செருப்பு எங்கள் வாசல் மணலில் கிடந்தது. அதைக் கழுவித் துடைத்து வீட்டுக்குள்ளே கொண்டுபோய் வைத்தேன். செருப்பை வாசப்படி தாண்ட விடாத அம்மா, அதற்கடியில் ஒரு துணியை விரித்தார்.