அருவிக்கரையில் ஜோடி மேடம்

தென்காசியில் எந்தப் புருஷனையும் கேட்டுப் பாருங்கள், வாழ்க்கையிலேயே அதிகமாகப் பயந்தது ஜோடி மேடத்துக்குத்தான் என்று சொல்வான். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் போலீஸ்காரர்கள், மீதி வீடுகளில் பட்டாளத்துக்காரர்கள். எல்லையில் துப்பாக்கி பிடித்து நின்ற சுபேதார் ஒருவர், அந்த அம்மாளின் கறுப்புக் குடை தெருமுனையில் தெரிந்ததும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். குடை போய்விட்டது என்று அவர் மனைவி சத்தியம் செய்த பிறகுதான் வெளியே வருவார். இத்தனைக்கும் அந்த அம்மாள் யாரையும் அடித்ததும் இல்லை, வைததும் இல்லை. கேள்வி கேட்பார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவருக்கு எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விட்ட புண்ணியவான் என் புருஷன். பெயர் மாரியப்பன், பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். "காலேஜ்ல பாடம் எடுக்கேன். இப்ப லீவு போட்டுட்டு ஆராய்ச்சி பண்ணுதேன்" என்று அந்த அம்மாள் சொன்னதும், குற்றாலத்துக்கு ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் எல்லாம் மூலிகை தேடித்தான் வருவார்கள் என்று இவராகவே முடிவு கட்டிவிட்டார். ஒற்றை ஆள், ஐம்பது வயது, சத்தம் இருக்காது, மிஞ்சிப் போனால் மொட்டை மாடியில் நாலு செடி வைப்பார் என்று சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்தார்.

சாமான் இறக்கி முடித்ததும் காபி கொண்டுபோனேன். அதை ஒரு வாய் குடித்துவிட்டு, "டீச்சர், நீங்களும் அண்ணாச்சியும் கடைசியா எதுக்குச் சண்டை போட்டிய?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் கையிலிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டார். படி முழுக்கத் தண்ணீர்.

அவர் பதறியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் அப்போது பெரிய கண்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. நான் இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து இந்த மனுஷருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நான் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வரமாட்டேன் என்கிற பயம். போய்ச் சேர்ந்தாயா என்று ஒரு போன், சாப்பிட்டாயா என்று ஒரு போன். நான் எடுக்காவிட்டால் பள்ளிக்கூட ஆபீசுக்கு, அங்கேயும் எடுக்காவிட்டால் ஹெச்.எம். அம்மாவுக்கு. அவர் போனை வைத்தே பீரியடுக்கு மணி அடிக்கலாம் என்று ஸ்டாஃப் ரூமில் சிரிப்பார்கள். ஒருநாள் ரயில்வே கேட்டில் பஸ் நின்றுபோனது. அதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி இலஞ்சி வரைக்கும் போய், ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டு முகம் வெளிறி வந்து சேர்ந்தார். நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு மூச்சு முட்டியது. வாசுதேவநல்லூரில் என் அம்மா வீடு இருக்கிறது, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இடமும் காலியாக இருந்தது. இடமாறுதலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். "அங்கனயே தங்கிக்கிடுதேன். லீவுக்கு வாரேன்" என்று சொன்னேன். சண்டை போடுவார் என்று பார்த்தால் போடவில்லை. "போனா நீ வரமாட்ட" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, ஆனால் அடுத்த மாத இடமாறுதல் கவுன்சலிங் வீட்டுக்குள் ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. மாடியில் மூலிகை என்று நம்பிக் குடிவைத்தவர் புருஷன் பெண்டாட்டி விவகாரத்தைத் தோண்டுகிறவர் என்றால் மனுஷருக்கு எப்படி இருக்கும்.

ஆமாம், அதுதான் அந்த அம்மாளின் ஆராய்ச்சி, ஜோடி மேடம் என்று தெரு பேர் வைத்ததும் அதனால்தான். கல்யாணமான இரண்டு பேர் ஒருவரை ஒருவர் எப்படிப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் மனசு நன்றாக இருக்கிறதா கெட்டுப்போகிறதா என்று பார்ப்பது. செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்து, கோழியில் நல்ல துண்டு யார் இலைக்குப் போகிறது என்று பார்ப்பார். ஜவுளிக்கடைக்காரர் ஒருவரிடம், "வீட்டுல சாப்பிட்டாவளான்னு கடைசியா எப்ப கேட்டிய?" என்று கேட்டுவிட்டார். மனுஷருக்கு உறுத்திவிட்டது. சாயங்காலம் கடையிலிருந்து நல்ல பட்டுச்சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். "திடீர்னு எதுக்குச் சேலை? என்னத்தை மறைக்கிய?" என்று அவர் மனைவி பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை.

அடுத்து பேங்க்காரர் வீடு. மேடம் போய்ப் பேசிவிட்டு வந்த மறுநாளே பேங்க்காரர் மனைவி பெட்டியோடு மதுரைக்குப் பஸ் ஏறினாள். தங்கச்சி பிரசவத்துக்குத்தான் போனாள். தெரு நம்பவில்லை. அந்தம்மா பார்வை பட்டால் குடும்பம் பிரிந்துவிடும் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. அதிலிருந்து குடை தெரிந்தால் போதும், வருஷக்கணக்காக முகம் பார்க்காதவர்கள்கூடச் சேர்ந்தாற்போல நடப்பார்கள். காய்கறிப் பையை ஆம்பிளைகள் பிடுங்கிப் பிடுங்கிச் சுமந்தார்கள்.

ஆனால் மேடத்தின் தலைமை அலுவலகம் என்றால் அது குற்றாலம் மெயின் அருவிதான். அங்கே ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். புருஷனும் பெண்டாட்டியும் துண்டைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போவார்கள், குளித்துவிட்டு அத்தனை கூட்டத்தில் மறுபடி சேருவார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்ப்பதற்கென்றே மேடம் சாரலில் நிற்பார். "பிரியிற எடத்துல ஒண்ணும் தெரியாது டீச்சர். திரும்பச் சேருற எடத்துலதான் எல்லாம் தெரியும்" என்பார். கண்டதும் சீப்பு எங்கே என்று கேட்கிறவர், இவ்வளவு நேரமா என்று கத்துகிறவர், ஒன்றும் பேசாமல் துண்டை எடுத்து மனைவி தலையைத் துவட்டுகிறவர் என்று ஒவ்வொருவரையும் எனக்கு நடித்துக் காட்டுவார். துவட்டுகிறவரை நடிக்கும்போது மட்டும் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும்.

ஒருநாள் பெண் போலீஸ் ஒருத்தி வந்து பிடித்துக்கொண்டாள். "யம்மா, தெனமும் இங்கன என்னத்தைப் பாத்துட்டு நிக்கிய?"

"பாசத்தை" என்றார் மேடம்.

"பாசம் பிடிச்ச பாறைல நின்னா வழுக்கும், அங்கிட்டுப் போங்க" என்று அந்தப் பெண் விரட்டிவிட்டாள். மறுநாள் அவளிடமே போய், அவள் புருஷன் ராத்திரி டியூட்டிக்குப் போனால் அவளுக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்டாராம். அதற்குப் பிறகு அந்தப் பெண் மேடத்தைக் கண்டால் விசில் ஊதுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஒரு சாயங்காலம் மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனோம். மேடம் என் வீட்டுக்காரரை நிறுத்தி, "அண்ணாச்சி, சின்ன வயசுல உங்களை விட்டுட்டு யாரும் போனாவளா?" என்று கேட்டார். இவர் ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை.

"எங்கம்மா. மிட்டாய் வாங்கிட்டு வந்துருதேன்னு சொன்னா. ஆப்ரேசனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காவ, எனக்குத் தெரியாது. செத்த பெறவும் எல்லாரும் வந்துருவா, வந்துருவான்னே சொன்னாவ. நான் வாசல்லயே உக்காந்திருந்தேன்."

மாமியார் இவர் சிறுபிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். மிட்டாய்ச் சமாசாரம் தெரியாது. இத்தனை வருஷம் என்னிடம் சொன்னதில்லை. பால் பொங்கிவிடும் என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டேன், அடுப்பில் பாலே இல்லை. ஆனால் மறுநாள் வகுப்பில் போன் அடித்ததும் கோபம் பழையபடி வந்து நின்றது. இரக்கம் வேறு, போன் வேறு.

"அவிய இறுக்கிப் பிடிக்காவ. நீங்க உதறுதிய" என்றார் மேடம் என்னிடம். "இறுக்குறதும் பயந்தான், உதறுறதும் பயந்தான் டீச்சர்."

"எனக்கென்ன பயம்? பாம்பையே அடிச்சிருக்கேன்" என்றேன். எரிச்சலாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களை அருவிக்குக் கூப்பிட்டார். "வேண்டாம்ட்டி. அந்தம்மா பாத்த குடும்பம் எதுவும் உருப்படலை" என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார். நான்தான் வீம்புக்குக் கிளம்பினேன். மேடம் போட்ட சட்டம் இதுதான். போனை வீட்டில் வைத்துவிட வேண்டும். குளித்துவிட்டு அவரவராகவே மேடத்தின் குடைக்கடியில் வந்து நிற்க வேண்டும். முந்தி வந்தவர் மற்றவரைத் தேடக் கூடாது. சட்டத்தைக் கேட்டதும் இவருக்குக் குளிக்காமலே நடுக்கம் வந்துவிட்டது. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவது எனக்குத் தெரிந்தது, நான் திரும்பவில்லை. வழக்கம்போலச் சொல்லிக்கொள்ளாமலே பெண்கள் பக்கம் போய்விட்டேன்.

நல்ல தண்ணீர். தலையைக் கொடுத்துக் கண்ணை மூடி நின்றேன். திடீரென்று மண் வாசனை. கண்ணைத் திறந்தால் தண்ணீர் செம்மண் நிறத்தில் விழுகிறது, சுள்ளியும் இலையும் முதுகில் அடிக்கிறது. போலீஸ் விசில் ஊதினார்கள். "ஏறுங்க, ஏறுங்க, தண்ணி கூடுது" என்று கத்தினார்கள். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். யாரோ என்னைத் தள்ளி மேலே ஏற்றிவிட்டார்கள். பாலத்துக்கு வந்து பார்த்தேன். குடை மட்டும் கவிழ்ந்து கிடக்கிறது. இவர் இல்லை, மேடமும் இல்லை. ஆண்கள் பக்கம் தண்ணீர் கம்பித் தடுப்பைத் தாண்டி அடித்துக்கொண்டிருந்தது.

அதுவரைக்கும் பயம் என்றால் அடுத்தவர் சமாசாரம் என்று இருந்தவள் நான். கை தானாகப் போனைத் தேடியது. நனைந்த நைட்டியில் போன் எங்கே இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. அன்று குற்றாலம் முழுக்கக் கேட்கும்படி, "மாரியப்பா, மாரியப்பா" என்று அலறினேன். சோப்பு நுரையோடு நாலைந்து மாரியப்பன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் என்னிடம் எட்டாம் வகுப்பு படிக்கிற பெண்ணின் அப்பா. வெட்கம் மானம் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு ஆளாகத் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அழுதேன் என்று பிறகு சொன்னார்கள்.

கடைசியில் ஒரு சிப்ஸ் கடையின் ஓரத்தில் இவர் குரல் கேட்டது. அப்படியே நின்றுவிட்டேன். ஜோடி மேடம் தரையில் உட்கார்ந்து இவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். இவர் குனிந்து, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். "பயப்படாதிய மேடம். டீச்சர் வந்துருவா. அவ சொல்லிட்டுப் போகமாட்டா, ஆனா வந்துருவா. ஒரு நாளும் வராம இருந்தது இல்ல."

ஈரத் துண்டால் என் வீட்டுக்காரர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். "தேடக் கூடாதுன்னா தேடவே மாட்டியளா? நான் செத்தேனா பிழைச்சேனான்னு பாக்க மாட்டியளா?"

"இவிய கையை விடமாட்டேங்காவளே" என்று மணிக்கட்டைக் காட்டினார். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், அவரும் உடைந்துவிட்டார். அந்தத் துண்டை வாங்கி என் தலையைத் துவட்டினார். நான் அவர் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. மேடம் என்ன செய்தார் தெரியுமா? இவர் கையை விட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். "நான் பாக்கலை, நான் பாக்கலை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வேனில் திரும்பும்போது, "எங்களைப் பத்தி என்ன எழுதப் போறிய மேடம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் எழுத முடியாது டீச்சர். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னு எனக்குத் தோணிட்டுது. அப்படித் தோணின பெறவு அது ஆராய்ச்சி கிடையாது." ஜன்னலைச் சாத்திவிட்டுச் சொன்னார். "விசில் ஊதினதும் ஆளாளுக்கு அவிய வீட்டு ஆளு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாவ. அத்தனை சத்தத்துல என் பேரு இல்ல. அதான் கை காலு ஓடலை. அண்ணாச்சியைப் பிடிச்சிக்கிட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்தும் நானும் அவர் பேரைக் கேட்டதில்லை. அன்று கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன், எங்களுக்குச் சொன்ன பேர்.

இடமாறுதல் கவுன்சலிங்குக்கு நான் போகவில்லை. அதற்காக என் வீட்டுக்காரர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள், மத்தியான போன் இன்னும் வருகிறது. நானும் எரிந்துதான் விழுகிறேன். காலையில் மட்டும் "போயிட்டு வாரேன்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.

ஆராய்ச்சி முடிந்து மேடம் சென்னைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். தெரு நிம்மதியாக மூச்சு விட்டது, சுபேதார் வீட்டில் பாயசம் வைத்ததாகக் கேள்வி. நாளைக் காலை ரயிலில் அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார், சீசன் முடியும்வரை இருப்பார். ஸ்டேஷனில் இறங்கியதும் இரண்டு பேருமாகப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். இப்போது வெளியே மழை வலுத்து அடிக்கிறது, ரயில் வரும் வழியெல்லாம் இப்படித்தானாம். "வண்டி வந்துரும், பயப்படாத" என்று இவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பயமாகத்தான் இருக்கிறது.