ஏழாம் வாய்ப்பாடும் ஒரு கார் பந்தயமும்

என் மகளைக் கணக்கில் புலியாக்கியே தீருவது என்று அன்று சபதம் எடுத்தேன். அதற்கு முந்தைய நாள், என் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்துக் கடையில் ஒரு கையடக்க வீடியோ கேமைப் பார்த்தேன் என்பது வேறு விஷயம். குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் கேமாம். பத்துக் கணக்கைச் சரியாகப் போட்டால் ஒரு கார் பந்தயம் திறக்கும். கடையில் பந்தயத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் என் கையிலிருந்து பிடுங்கும்வரை நான் விடவில்லை.

விளையாட்டுச் சாமான் என்றாலே என் மனைவி எரிந்து விழுவாள். அதனால் படிப்பு வழியாக நுழைந்தேன். அவள் காதில் விழும்படி மகளைக் கூப்பிட்டேன்.

"பாப்பா, ஏழெட்டு எவ்வளவு?"

"ஐம்பத்தாறு."

"தப்பு! ஐம்பத்துநாலு. மூணாவது படிக்கிற பொண்ணு!"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மகளைப் பார்த்தாள்.

"பாத்தியா லட்சணத்தை? இதுக்குன்னே ஒரு கேம் வந்திருக்கு. விளையாட்டும் படிப்பும் சேர்ந்தே இருக்கும்."

"யாருக்கு விளையாட்டு, யாருக்குப் படிப்பு?"

"ரெண்டுமே பாப்பாவுக்குத்தான்!"

"சரி, வாங்குங்க. பேர் பதியறதை மட்டும் நான் பாத்துக்கறேன்."

சண்டை போடாமல் ஜெயித்தது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றே கேமை வாங்கி வந்தேன்; மனைவி தன் போனில் பேரைப் பதிந்தாள். மறுநாள் அதை என் கடைக்கு எடுத்துப் போனேன். அந்தத் திரை குழந்தையின் கண்ணைக் கெடுக்குமா என்று சோதிக்க வேண்டாமா? ஊருக்கே கண் பார்க்கிறவன் நான். சோதனை ஒரு வாரம் நடந்தது. நான் ஒரு பந்தயத்தை முடிப்பதற்குள், கண் பரிசோதனைக்கு வந்த பெரியவர் ஒருவர் எழுத்துப் பலகையை மூன்று முறை படித்து முடித்தார். நாலாவது முறை பலகையைப் பார்க்காமலே ஒப்பித்தார். பிரமாதமான பார்வை என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

கேமில் ஒரே ஒரு குறை. ஏழெட்டுக்கு ஐம்பத்துநாலு என்று போட்டால் சிவப்பு விளக்கு எரிந்தது. மட்டமான தயாரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியின் போன் கிணுகிணுத்தது. அவள் சத்தமாகவே படித்தாள்.

"'உங்கள் குழந்தையின் வார அறிக்கை. விளையாடும் நேரம், தினமும் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை.' பாப்பா அப்போ ஸ்கூல்ல இருப்பாளே?"

"அது வந்து... கண் சோதனை."

"'குழந்தை ஏழாம் வாய்ப்பாட்டில் மிகவும் பின்தங்கியிருக்கிறது. அடிக்கக் கூடாது. அன்போடு சொல்லிக்கொடுக்கவும்.'"

விட்டேனா நான்!

"அன்னிக்கே சொன்னேனா இல்லையா? பாப்பா ஏழுல வீக்குன்னு!"

"பாப்பாவா? பேரைப் பாருங்க."

போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் 'அப்பா' என்று இருந்தது.

"அவளுக்குப் பன்னெண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழாத் தெரியும். நீங்க கேட்டப்பவே கேம் யாருக்குன்னு எனக்குத் தெரியும். இனிமே ஏழாம் வாய்ப்பாட்டை முழுசா ஒப்பிச்சாத்தான் பந்தயம். பூட்டு என் போன்ல இருக்கு."

"யார்கிட்ட ஒப்பிக்கணும்?"

"டீச்சர் வர்றாங்க."

மகள் ஸ்கேலோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"கையைக் கட்டுங்கப்பா. ஏழெட்டு எவ்வளவு?"

"அடிக்கக் கூடாதுன்னு அதுல போட்டிருக்கு" என்றேன்.