பதினொரு பொயின்றும் ஒரு மானும்

என் கணவர் சூசைதாசனிடம் பதினொரு மான் பொயின்ற் இருக்கிறது. மான் இல்லை.

முறைப்படி விளக்கிவிடுகிறேன். அமெரிக்காவின் மேற்கே ஒரு மாநிலத்தில் அன்டிலோப் என்கிற புல்வெளி மான் ஓடித்திரிகிறது. வெளியூர்க்காரர் அதைச் சுடுவதென்றால் அனுமதிச்சீட்டு வேண்டும். சீட்டு கொஞ்சம், கேட்பவர் அதிகம். ஆகையால் மதிப்புக்குரிய வனவிலங்குத் திணைக்களம், சீட்டுக் கிடைக்காதவருக்கு வருடத்துக்கு ஒரு முன்னுரிமைப் புள்ளியை, அதாவது ஒரு பொயின்றை, வழங்கி ஆறுதல்படுத்துகிறது. புள்ளி கூடினால் சீட்டு வரும். இவர் பதிந்த வருடம் இரண்டு போதும் என்றார்கள். இவருக்கு இரண்டு வந்தபோது நான்கு கேட்டார்கள். இப்போது பதினொன்று இருக்கிறது, பதின்மூன்று கேட்கிறார்கள்.

இவர் மீன்கடையில் தலையை வெட்டச் சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பி நிற்கிற மனிதர். மார்க்கம் என்கிற பக்கத்து நகரில் இவருடைய கந்தோர் மனேச்சர் சுவரில் ஒரு மான்தலையை மாட்டினார். அடுத்த கிழமை இவரும் பதிந்தார். அப்போதுதான் தெரிந்தது, டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தில் மட்டும் ஏற்கெனவே பதினெட்டுப் பேர் பதிந்திருக்கிறார்கள். இவரோடு பத்தொன்பது. பத்தொன்பது தமிழர் ஒரு கட்டடத்தில் இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது: தமிழ் மான்வேட்டையாளர் நலன்புரிச் சங்கம். யாப்பு, செயலாளர், வருடாந்த இராப்போசனம் எல்லாம் உண்டு.

யாப்பின்படி, அதிக பொயின்ற் உள்ளவரே தலைவர். பதினான்கு பொயின்றோடு அமிர்தநாதர் அங்கிள் தலைவராக இருக்கிறார்.

"பதினாலு இருக்கெல்லோ அங்கிள், போகலாமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போனா பொயின்ற் பூச்சியமாகிடும் பிள்ளை. பிறகு ஆர் என்னை மதிக்கிறது?"

படிவத்தில் இரண்டு பெட்டி இருக்கும். ஒன்று 'சீட்டு வேண்டும்'. மற்றது 'பொயின்ற் மட்டும்'. சங்கம் முழுவதும் இரண்டாவதில்தான் புள்ளடி போடும்.

மற்ற மனைவிமாருக்குச் சங்கத்தின்மேல் கோபம். எனக்கில்லை. எங்களுடையது இரண்டு அறை வீடு. எங்கள் மூன்று வயது மகள் சிவானி திறக்காத அலுமாரி அதில் இல்லை. சீட்டு வந்தால் சுடுவதற்குத் துவக்கு வரும். துவக்கு வந்தால் எனக்கு நித்திரை வராது. ஆகவே பொயின்ற் சேரச் சேர எனக்குப் பாதுகாப்பு. ஆனாலும் பயந்த சுபாவம். உறுதிப்படுத்திக்கொள்ளத் திணைக்களத்துக்குப் போன் எடுத்தேன். லெஸ்லி என்கிற உத்தியோகத்தர் பேசினார்.

"எத்தனை பொயின்ற் இருந்தால் கட்டாயம் சீட்டு வரும், ஐயா?"

"உங்களிடம் எத்தனை?"

"பதினொன்று."

"அதைவிட இரண்டு கூட."

"பதின்மூன்று ஆனபிறகு?"

"அப்போதும் அதைவிட இரண்டு கூட, மேடம்."

"பொயின்றே இல்லாதவர்களுக்கு?"

"கேட்கிற எல்லாருக்கும் பொதுவாகக் குலுக்கலில் கொஞ்சம் சீட்டு ஒதுக்கியிருக்கிறோம். சிலர் முதல் வருடமே போய்விடுகிறார்கள்."

"அப்படியென்றால் பொயின்ற் எதற்கு?"

"இல்லாதவர்களிடமிருந்து உங்களை வேறுபடுத்திக் காட்ட."

இவ்வளவு தெளிவாக ஒரு திணைக்களம் எனக்கு ஒருபோதும் விளக்கம் தந்ததில்லை. நிம்மதியாகப் போனை வைத்தேன்.

இந்த வருடம் இவருக்கு நைட் ஷிஃப்ற். படிவத்தை நான் நிரப்பினேன். கொன்வென்ற்றில் எங்களுக்குப் படிப்பித்த சிஸ்டர் மக்டலீன், படிவத்தில் வெறும் பெட்டி விடுவதை ஏறக்குறைய பாவமாகவே கருதினார். நான் இரண்டிலும் புள்ளடி போட்டேன்.

குலுக்கலில் சீட்டு விழுந்தது.

இவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "நிலாணி, நீர் எந்தப் பெட்டியில போட்டனீர்?"

"ரெண்டிலயும்."

"ஏனப்பா?"

"வெறுமையா விடக்கூடாதெல்லோ."

பின்னேரம் சங்கம் வந்தது. கூடவே பக்கத்து வீட்டுப் பேபி அன்ரி, எங்களுக்குச் சமைக்க மனம் வராது என்று சோறும் மரக்கறியும் கொண்டுவந்தார்.

"எத்தினை மணிக்கு நடந்தது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மூண்டு மணிக்கு. கடிதம் வந்தது."

"முதல் ஒரு அறிகுறியும் இருக்கேல்லையோ?"

"இல்லை அன்ரி. காலமை கூட நல்லாத்தான் இருந்தது."

அமிர்தநாதர் அங்கிள் இவருடைய தோளில் கைவைத்தார். "பதினொரு வருசம், தம்பி. ஒரு நிமிசத்தில போச்சே."

செயலாளர் யாப்பைப் புரட்டினார். "சீட்டு விழுந்தாப்பிறகு போனாலும் பூச்சியம், போகாட்டியும் பூச்சியம். அப்ப துவக்கை வாங்கிக்கொண்டு போறதுதான் மரியாதை."

சிவானி அந்த நேரம் சப்பாத்து அலுமாரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். நான் லெஸ்லியை அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தேன்.

"சீட்டைத் திருப்பித் தந்தால் பொயின்ற் வருமா?"

"தகுந்த காரணத்தோடு இந்த மாதம் முடியுமுன் தந்தால் வரும். மரணம், கடும் நோய், இராணுவ சேவை, கர்ப்பம்."

"மரணம் எண்டா ஆருடைய?" அமிர்தநாதர் அங்கிள் முன்னுக்கு வந்தார். நான் மொழிபெயர்த்தேன்.

"விண்ணப்பதாரருடைய."

"செத்தாப்பிறகும் பொயின்ற் இருக்குமோ?"

"முழுவதும் இருக்கும்."

சங்கம் இவரை ஒரு கணம் யோசனையோடு பார்த்தது. நான் அவசரமாக, "கர்ப்பம்?" என்றேன்.

"விண்ணப்பதாரர், அல்லது அவருடைய மனைவி."

சங்கம் திரும்பி என்னைப் பார்த்தது. செயலாளர் கலண்டரைப் பார்த்தார். "மாசம் முடியிறதுக்குள்ள ஏலுமோ, தங்கச்சி?"

எனக்கு அப்போது இரண்டாம் மாதம். இந்த வீட்டு வாடகையில், இந்த இடவசதியில், இவருக்கு எப்படிச் சொல்வதென்று ஒன்பது நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். பத்தொன்பது பேருக்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

இவர் கதிரையை விட்டு எழும்பினார். கண் கலங்கியிருந்தது. வந்து என் இரண்டு கையையும் பிடித்தார்.

"உண்மையோ, நிலாணி?"

"ஓம்."

"அப்ப பதினொண்டும் வருமோ?"

"பன்னிரண்டு," என்றார் லெஸ்லி, நான் மொழிபெயர்த்துக் கேட்டதும். "இந்த வருடத்துக்கும் ஒன்று சேரும்."

வீடு அதிரக் கைதட்டினார்கள். பேபி அன்ரி அழுதே விட்டார். ஆளாளுக்கு இவரைக் கட்டிப்பிடித்தார்கள். எனக்கு எத்தனையாம் மாதம், வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருகிறதா, சாப்பிட்டேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அது அப்போது தோன்றவில்லை. துவக்கு வராது என்ற சந்தோசத்தில் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தவள் நான்தான்.