சிவப்பு வயரைப் பிடுங்கிய விவரம்

மேல் டிவிசன் லயம்,
தோட்டத்து ஆபீஸ் மூலம்,
லிந்துலை.
வியாழன் காலை, மழை.

அன்புக்கும் மரியாதைக்குமுரிய மருமகன் றொக்சன் அவர்களுக்கு, மாமனார் அந்தோனிமுத்து எழுதிக்கொள்வது. மாதாவின் துணையால் நானும் உங்கள் மாமியார் சிசிலியும் இதுவரை நலம். ‘இதுவரை’ என்று எழுதியதைக் கவனிக்கவும். கொழும்பில் நீங்களும் மகள் டெல்சியும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நத்தார் பண்டிகைக்கு வந்தபோது நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மலைச்சரிவில் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு கம்பிகளை நட்டீர்கள். அவற்றின் வயர்களை இரண்டு சின்னப் பச்சைப் பலகைகளில் பூட்டி, பலகைகளை என் அலுமாரிமேல் சோப்புப்பெட்டி அளவு கம்பியூட்டரில் சேர்த்தீர்கள். “ரெண்டு கம்பியும் மண்ணு ஊறிருச்சுன்னு சொன்னா, கூரையில சங்கு ஊதும் மாமா. ஒடனே எல்லாரும் எறங்கிருங்க” என்றீர்கள். இன்றோடு பன்னிரண்டு நாள் மழை. சங்கு ஊமையாக இருக்கிறது.

திங்கட்கிழமை போனில் நீங்கள் சொன்னபடி, டிரைவர் என்கிற அந்த உள்மென்பொருளை எடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன், நான்கு தடவை ஏற்றினேன், ஒவ்வொரு தடவையும் திரை முழுக்கக் கோடு கோடாக வந்தது, ஆள் வராத நாளில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் செக்ரோல் வரவுப் புத்தகத்தில் கோடு கிழித்த மாதிரி. நடுவே 48 என்று முதல் பலகையின் நம்பர் மட்டும். “ரெண்டாவது பலகை, 49 எங்க மாமா?” என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். அது பொய். அதைப் பிறகு சொல்கிறேன்.

செவ்வாய் வயரை மாற்றச் சொன்னீர்கள். தலவாக்கலைக்குப் போய், சரிபுதீன் முதலாளி கடையில் பழைய வயரைக் காட்டினேன். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, “வயர்ல ஒரு கொறையும் இல்ல அண்ணே, ஒங்க மொகத்துலதான் என்னமோ இருக்கு” என்றார். இருந்தாலும் புது வயர் வாங்கினேன், வரும் வழியில் வயரோடு வடிகானுக்குள் விழுந்தேன், முழங்கால் வீங்கிவிட்டது. புதன்கிழமை ஈரம் ஏறியிருக்கும் என்றீர்கள். உங்கள் மாமியார் அதைக் கேட்டு, கம்பியூட்டரை அடுப்புக்கு மேல் கருவாட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஒரு மூலை உருகிப்போனது. வேலை செய்கிறது, ஆனால் நாறுகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், நேற்றுக் கிராம சேவகர் வந்து, மலை சரியலாம் என்று எல்லோரையும் பாடசாலைக்குப் போகச் சொன்னார். சிசிலி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். “எங்க மருமகன் மெஷினு வச்சிருக்காரு. அது கத்தட்டும், நாங்க எந்திரிக்கிறோம்.” அவள் அசையாததால் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அசையவில்லை, அம்மாக்கண்ணு அசையாததால் இருபது வீடும் அசையவில்லை. நான் மட்டும் “போயிருவோம், போயிருவோம்” என்கிறேன். “பயந்தாங்கொள்ளி” என்று சிரிக்கிறாங்க.

இனி அந்த 49. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கொழும்புக்குக் கரட் லொறி ஓட்டும் மிலான் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போன சனிக்கிழமை, சிசிலிக்குக் கண் ஒப்பரேசன் தேதி போட்ட கடிதம் வந்தது. தேதி முடிந்து ஒன்பதாம் நாள் வந்தது. நம்ம இருபது வீட்டுக்கும் தோட்டத்து ஆபீஸ் என்ற ஒரே விலாசந்தானே, லயத்தில் மூன்று அந்தோனிமுத்து, அது மற்ற இரண்டு வீட்டிலும் படுத்து எழும்பி வந்திருக்கிறது. வயிறு எரிஞ்சு உக்காந்திருந்தேன். அலுமாரியப் பாத்தேன். ரெண்டாவது பலகையில அந்தச் சிவப்பு வயர். “இதுதான் மாமா இதுக்குத் தனி விலாசம், இல்லன்னா ரெண்டும் கொழம்பிப் போகும்” என்று நத்தாருக்கு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. மனுசனுக்கு இல்லாத தனி விலாசம் இந்தப் பலகைக்கு என்னாத்துக்கு? பிடுங்கிட்டேன். ரெண்டும் ஒண்ணாவே கெடக்கட்டும், நாங்க கெடக்கலியான்னு பிடுங்கிட்டேன் மருமகனே. இப்போது யாரிடமும் சொல்லத் தைரியமில்லை. வயர் என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. நீங்கள் உடனே வந்து, பழுது வேறு எங்கேயோ என்று சொல்லித் திருத்திக்கொடுக்க வேண்டும்.

டெல்சிக்கு என் முத்தம். உங்களை மாதா கைவிடாமல் காக்கட்டும். எங்களையும்.

இப்படிக்கு,
மாமனார் அந்தோனிமுத்து

பி.கு: வரவேண்டாம். ஒட்டிய கடிதத்தைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். கடிதத்தை ஒட்டிய பிறகும் மனம் கேட்கவில்லை, வயரை எடுத்து இருந்த இடத்தில் செருகினேன். 48, 49 இரண்டும் வந்தன. நான் கையை எடுக்குமுன் சங்கு அலறியது. சிசிலிதான் முதலில் ஓடினாள். மூன்று மணிக்கு எல்லோரும் பாடசாலையில். நாலரைக்கு மலை இறங்கியது. ஏழு வீடு போய்விட்டது, நம்முடையதும். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சங்கு எத்தனை நாளைக்கு முன்பே கத்தியிருக்க வேண்டும் என்று எனக்கு மட்டும் தெரியும். இங்கே எல்லாரும் என் கையைப் பிடிச்சு அழுறாங்க, “அண்ணன் மெஷினைத் திருத்திட்டாரு” என்று. ஆகவே மேலே எழுதியதைக் கிழித்துப்போடவும். இதை மட்டும் வைத்துக்கொள்ளவும். மற்ற இரண்டு அந்தோனிமுத்துவும் எட்டாம் வகுப்பு அறையில் தங்கியிருக்கிறார்கள், கடிதம் இனி மாறாது:

அந்தோனிமுத்து,
ஏழாம் வகுப்பு ‘பி’, ஜன்னலோரம்,
பாடசாலை, லிந்துலை.