கம்ப்யூட்டர் வைத்த பெயர்

பூபதி முடிவெடுத்துவிட்டான். மகளுக்குப் பெயர் தர்ஷினிதான். பிரம்மாவே இறங்கி வந்து மனு கொடுத்தாலும் மாற்றம் கிடையாது. பைக்கின் பின்னால் ஒட்ட, ‘தர்ஷினி’ என்று சிவப்பு எழுத்தில் ஸ்டிக்கர்கூட வெட்டி வாங்கி, பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாயிற்று.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அவன் மனைவி வினிதா, மோகனப்ரியா என்று முடிவெடுத்திருந்தாள். அதுவும் எட்டாம் வகுப்பு படிக்கும்போதே. அப்போது பூபதி என்று ஒருத்தன் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

ஊத்தங்கரையில் தாய்வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு, பிள்ளையோடு மூக்கண்டப்பள்ளிக்கு அவள் திரும்பிய நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்க நாளும் குறித்துவிட்டார்கள்.

“சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கிடலாங்க” என்றாள் வினிதா.

“சீட்டா? எந்தக் காலத்துல இருக்கற நீ? நான் ஒரு புரோகிராம் எழுதறேன். ஆளுக்கொரு பேர் சொல்லுங்க. கம்ப்யூட்டரே ஒண்ணு எடுத்துக் குடுக்கட்டும். அதுக்கு மாமியாரும் கிடையாது, நாத்தனாரும் கிடையாது. பாரபட்சமே பார்க்காது.”

“அது சொன்னா ஒத்துக்குவீங்களா?”

“பேச்சு மாறினா என்னை ஏன்னு கேளு.”

பூபதி ஃபேக்டரியில் மெஷின் ஓட்டுகிறவன். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டால் ஷிப்ட் இல்லாத வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி வகுப்பில் சேர்ந்து நாலே வாரம் ஆகியிருந்தது. ஸ்ட்ரிங் என்ற பாடத்தை இன்னும் தாண்டவில்லை. ஏழெட்டுப் பெயரில் ஒன்றைக் குலுக்கி எடுக்கச் சத்தியமாக அவனுக்குத் தெரியாது. ஒரே பெயரைத் திரையில் காட்டத் தெரியும். அது போதாதா?

வியாழக்கிழமை லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தான். வினிதா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். பூபதி சட்டென்று அதை மறைத்து, திரையில் ‘வணக்கம்’ காட்டும் வகுப்புப் பாடத்தைத் திறந்து வைத்தான். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும்.

“வணக்கத்துக்கு ரெண்டு பக்கமும் ஏதோ குறி போட்டிருக்கீங்களே, என்னங்க அது?”

“எழுத்தையெல்லாம் வரிசையாக் கோத்தா அது ஸ்ட்ரிங். அதுக்கு ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போடணும். உள்ள என்ன இருக்குதோ அதைக் கம்ப்யூட்டர் அப்படியே காட்டும். உன்னாட்டம் ஆயிரம் கேள்வி கேக்காது.”

“உள்ள இருக்கறத மாத்திட்டா?”

“மாத்துனதைக் காட்டும். அதெல்லாம் உனக்கெதுக்கு? போ, பால் பொங்கப் போகுது.”

வினிதா போய்விட்டாள். அன்று பால் பொங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைந்திருந்தது. பூபதியின் அப்பா பொன்னுசாமி நாற்காலியில். மாமியார் செல்லி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பாயில். எட்டுப் பேர் ஆளுக்கொரு பெயர் சொல்ல, பூபதி ஒற்றை விரலால் எட்டையும் தட்டி முடித்தான். ‘யோசிக்கிறேன்’ என்றது திரை. அதுவும் அவன் எழுதிக் கொடுத்த பொய்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

மோகனப்ரியா.

பூபதி எழுதி வைத்திருந்தது தர்ஷினி. முதலிலிருந்து ஓட்டினான். மோகனப்ரியா. இன்னொரு தடவையும் ஓட்டிப் பார்த்தான். மோகனப்ரியா.

“மூணு தடவை சொல்லிடுச்சு மாப்பிள்ளை!” என்று செல்லி துள்ளினாள். “பிள்ளை காதுலயும் மூணு தடவைதானே சொல்லுவோம்? அதுக்கே முறை தெரியுது பாருங்க!” சொன்ன கையோடு பிள்ளையின் காதிலும் மூன்று முறை சொல்லி முடித்துவிட்டாள்.

“எம் பையன் எழுதினதாச்சே, தப்பு வருமா?” என்று பொன்னுசாமி மீசையைத் தடவினார்.

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கத்தவும் முடியாது, காட்டவும் முடியாது. வினிதாவின் பின்னாலேயே சமையலறைக்குப் போனான்.

“வினி, அதைத் தொட்டியா நீ?”

“எதைங்க?”

“புரோகிராமை.”

“ஏன், தொடற மாதிரி அதுல ஏதாச்சும் இருந்துச்சா?”

பூபதி மேலே பார்த்தான், கீழே பார்த்தான். “சேச்சே, ஒண்ணுமில்ல.”

வினிதா ஒரு வாய் கேசரியை அவனுக்கு ஊட்டினாள். “ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க. எனக்கே புரிஞ்சுதுன்னா பாத்துக்கங்க.”

கோபம் வரவேண்டிய இடத்தில் அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. கூடத்துக்கு வந்து, யாரும் பார்க்காத நேரமாக, “மோகனப்ரியா” என்று மெதுவாகக் கூப்பிட்டான். பிள்ளை பொக்கைவாயைத் திறந்து சிரித்தது. அந்தப் பெயர் அப்படியொன்றும் மோசமில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

தயிர் போதவில்லை என்றார்கள். வாங்கிவரக் கீழே இறங்கினான். பைக்கின் பின்பக்கம் சிவப்பு எழுத்தில் மோகனப்ரியா மின்னினாள்.

“வினி! இது எப்ப ஒட்டின?”

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள் வினிதா.

“வெள்ளிக்கிழமையேங்க. நேத்து ஷிப்டுக்கு நீங்க அதோடதான் போயிட்டு வந்தீங்க!”